வாசல் மேல் இருந்த வருஷம்

பெயிண்டர் அண்ணன் கெட்டிக்காரத் தொழிலாளி. அதுதான் எங்களைப் பிடித்த கேடு.

எங்கள் தெருவில் நூற்றைம்பது வருடத்து மாடி வீடு ஒன்று இருந்தது. தெருவுக்கு முதன்முதலாக வந்த மருத்துவர் கட்டியது. வெள்ளம் வந்த வருடம் தெருவே அதன் மாடியில் நான்கு நாள் கிடந்தது. அதன் பின்கட்டில் அண்ணனும் அண்ணியும் முப்பத்தோரு வருடமாகக் குடியிருந்தார்கள். அண்ணிக்குப் பார்வை போய்ப் பத்து வருடம். வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். காரை பெயர்ந்த இடம் வந்தால் அடுப்படி, விரல் நுழையும் விரிசல் வந்தால் படிக்கட்டு என்று சுவரைத் தடவியே விறுவிறுவென்று போவார். தெருவில் இறங்கினால்தான் அண்ணன் கை வேண்டும்.

மருத்துவரின் வாரிசுகள் வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவருக்குப் பேசி முடித்ததும் அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

"வேற வீடு எங்க வேணா கிடைக்கும் தம்பி. அவ தனியா நடக்குற வீடு கிடைக்காது," என்றார் என்னிடம்.

நான் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பழைய கட்டடங்களுக்கான அரசுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது என்று எங்கேயோ படித்துவிட்டு, மனுவை நான்தான் அடித்துக் கொடுத்தேன். வாசல் நிலைக்கு மேலே பொறித்திருந்த வருஷத்தை முதல் வரியிலேயே போட்டேன். அண்ணன் எட்டு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில், நேரில் பார்க்க நிபுணர் வருவதாகக் கடிதம் வந்தது.

பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறது, வீட்டை அந்தக் கோலத்திலா காட்டுவது? தெருவே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. அண்ணன் ஒரு வாரம் சோறு தண்ணி பார்க்காமல் சுவர்களைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்தார். ஏணியைப் பிடித்தவன் நான். படித்தவன் என்று பெயர், எனக்கும் உறைக்கவில்லை.

அண்ணி மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே வந்து கூடத்து நடுவில் நின்றுவிட்டார்.

"என்னங்க, எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கு?"

"புதுசு அப்படித்தான் இருக்கும். போகப்போகப் பழகிடும்," என்றார் அண்ணன் பெருமையாக.

நிபுணர் ஒரு நடுவயது அம்மாள். வந்ததும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. திரும்பி வாசலுக்கு வந்து மேலே பார்த்தார்.

"வருஷம் பொறிச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்களே, எங்கங்க?"

"பாதி உதிர்ந்து அசிங்கமா இருந்துச்சும்மா. செதுக்கி எடுத்துட்டுப் பூசிட்டேன். இருந்த இடமே தெரியாது," என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் கையிலிருந்த மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். "நல்லா பூசியிருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அன்று எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

பதில் வந்த அன்று கடையில் வைத்து நான்தான் படித்துக் காட்டினேன். 'கட்டடம் அண்மையில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டிருப்பதால், பழமைக்கான தடயம் எதுவும் எஞ்சவில்லை.' அண்ணன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை போனபோது, அண்ணன் சுரண்டும் தகட்டை வைத்து, அண்ணியின் கை படும் உயரத்தில் சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் பாளம் பாளமாக வந்தது. வரும்போது மிச்சமிருந்த பழைய காரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே வெறும் செங்கல்.

"விரிசல் இங்கதானே இருந்துச்சு? இல்ல, இன்னும் கீழயா?" என்று அண்ணியைக் கேட்டுக் கேட்டுச் சுரண்டினார்.

அண்ணி செங்கல்லைத் தடவிப் பார்த்தார்.

"விடுங்க. கையக் குடுங்க. போற வீட்டுல பிடிச்சுக்கிட்டுத்தானே நடக்கணும், இப்பவே பழகிக்கிறேன்."

அண்ணன் தகட்டைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தன் வீட்டு அடுப்படிக்கு அண்ணி முதல் தடவையாகக் கை பிடித்துப் போனார்.