வீல் ஸ்பானரும் ஒரு நாற்காலியும்

வெள்ளவத்தை மாடிவீடொன்றில் இருக்கும் சிவபாதசுந்தரம், புதிதாக யாரைக் கண்டாலும் பேரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பார். ஊர் தெரிந்தால் குறிச்சி, குறிச்சி தெரிந்தால் கோயிலடி, அதன்பிறகு தகப்பன் பேர். அதற்குள் எப்படியும் ஒரு சொந்தம் அகப்பட்டுவிடும். அகப்பட்டால் அந்த ஆளை நம்பலாம், அவ்வளவுதான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருசம் படம் வரைந்த மனுசன், மூன்று தரம் அளக்காமல் ஒரு கோடு கீறியதில்லை. ஆட்களை மட்டும் இப்படித்தான் அளந்தார். எங்கள் ஆட்களுக்கு இது பிறவிக்குணம், ஒளித்து என்ன பயன்.

அவருடைய மனைவி ஜெகதீஸ்வரிக்கு நாலு வருசத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் நாரஹேன்பிட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அதற்காக இடது கையில் இரண்டு இரத்தக்குழாய்களை ஒன்றாகப் பொருத்தித் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே இரைவது தெரியும். இரையாவிட்டால் ஆபத்து. விடிந்ததும், தேத்தண்ணிக்கும் முன்னமே, சிவபாதசுந்தரம் அங்கே விரல் வைத்துப் பார்த்து "ஓடுது" என்பார். அதை ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை.

பழைய வெள்ளைக் காரொன்று அவரிடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றபிறகு அதை விற்றால் இன்னொன்று வாங்க முடியாது, அதனால் அதையும் நோயாளியைப் போலவே பார்த்துக்கொண்டார். மெஷினிலிருந்து எழும்பும்போது ஜெகதீஸ்வரி பிழிந்துபோட்ட சீலை மாதிரி இருப்பாள். ஆனால் காரின் முன் சீட்டில் சாய்ந்தால், கிருலப்பனை வருமுன் நித்திரையாகிவிடுவாள். இரவிரவாகக் கால் உளைவில் கண் மூடாதவளுக்கு அந்த அரைமணித்தியாலந்தான் உருப்படியான நித்திரை. அவள் குழம்பக்கூடாதென்று வழியிலுள்ள குழி மேடெல்லாவற்றையும் அவர் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே செத்தாலும் ஆறுதலாகத்தான் ஓட்டுவார். அவள் அப்படித் தூங்கினால் போதும், வேறொன்றும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

டயர் வேலைக்கு அவருக்கு ஒரு ஆள் இருந்தார், கொட்டாஞ்சேனை ஸ்ரீனிவாஸ். முதல்நாள் ஊர் கேட்டபோது, "இங்கதான் ஐயா, கொட்டாஞ்சேனை" என்றார். அதற்கு முன்னம் எங்கே என்றதற்கு, தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர், எந்த ஊரென்று தெரியாது என்று பதில் வந்தது. கதை அத்தோடு நின்றுபோனது. பத்து வருசம் போய்வந்தும் ஸ்ரீனிவாஸுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட இவருக்குத் தெரியாது.

ஆனால் வேலையென்றால் அதுதான் வேலை. ரிம்மில் கீறல் விழாமல் ரப்பர் துண்டு கொடுத்துத்தான் டயரைக் கழற்றுவார். நட்டுகளைத் துடைத்துத் தட்டில் வரிசையாக வைப்பார். மெஷின் வைத்து டர்ரென்று முறுக்குகிற பழக்கமே இல்லை, கையாலேயே குறுக்குக்குறுக்காக இறுக்குவார். எல்லாம் முடிந்தபிறகு ஒரு தொல்லை தருவார். வீல் ஸ்பானரைக் கார்க்காரரின் கையில் கொடுத்து, "ஐயா, நீங்களே ஒருக்கா கை வச்சுப் பாத்துடுங்க" என்பார். வந்தவர் டொக்டரானாலும் லோயரானாலும், குந்தியிருந்து ஒவ்வொரு நட்டையும் தாமே இறுக்கிப் பார்க்காமல் அங்கேயிருந்து கார் வெளியே போகாது. சிவபாதசுந்தரத்துக்கு இது அறவே பிடிக்காது. முழங்கால் நோகும், கை கறுக்கும். காசும் குடுத்து வேலையும் நானே செய்யவேணுமோ என்று வீடு வரும்வரை முறுமுறுப்பார். ஜெகதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பெற்றோல் பங்கீடு வந்த காலத்தில் கொட்டாஞ்சேனை தூரமாகிப்போனது. அந்த நேரம் பார்த்து வெள்ளவத்தையிலேயே, நடந்துபோகிற தூரத்தில், ஒரு டயர் கடை திறந்தது. முதலாளி கார்த்திகன், முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் கேட்டார். ஏழாலை என்றான். சிவபாதசுந்தரத்தின் ஊரும் அதுதான். மனுசனுக்குக் குளிர்ந்துபோயிற்று. கார்த்திகனின் பெரியம்மாவும் ஜெகதீஸ்வரியும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். அதற்குமேல் என்ன வேண்டும்?

கண்ணாடிக் கதவுக்குள்ளே ஏசி, மெத்தை வைத்த நாற்காலி, பால்தேத்தண்ணி. அண்ணை இருங்கோ, வேலை வெளியில நடக்குமென்று அவன் இருத்திவிட்டான். முக்கால் மணித்தியாலம் ஊர்க்கதை. முன் டயர் இரண்டும் மாற்றி முடிந்ததும் கார்த் திறப்பை இரண்டு கையாலும் நீட்டினான். ஒருக்கா நட்டைத் தொட்டுப் பார்ப்போமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தொட்டால் பெடியன் என்ன நினைப்பான்? சொந்த ஊர்க்காரனையே சந்தேகப்படுகிறாரென்று பெரியம்மாவுக்குச் சொல்லமாட்டானா? வெட்கப்பட்டு விட்டுவிட்டார். கை கறுக்காமல் வீட்டுக்கு வந்ததை மனைவியிடம் பெருமையாகவும் சொன்னார்.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி முறை. போகும்போதே ஜெகதீஸ்வரி சொன்னாள், தன் காலடியில் டொக் டொக்கென்று ஏதோ கேட்கிறதென்று. புது டயர் அப்படித்தான், ஓட ஓடச் சரிவருமென்றார். திரும்பி வரும்போது அவள் நித்திரைகொள்ளவில்லை. நாலு வருசத்தில் முதல்தரம் கண்ணை முழித்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, சத்தம் கூடுது. ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோவன்."

"நீ சும்மா இரு. ஏழாலைப் பெடியன் பிழையாச் செய்வானே?"

கிருலப்பனைப் பாலம் தாண்டி இறங்கும்போது, தனக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக உருண்டு போவதைச் சிவபாதசுந்தரம் கண்டார். எவனுடைய சக்கரமோ என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் கார் இடதுபக்கம் குத்தி விழுந்தது. ரோட்டில் இழுபட்டுப்போய் மதகுச் சுவரில் மோதி நின்றது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஜெகதீஸ்வரியின் இடது கைதான் கதவோடு அடிபட்டது. ஐயோ, அந்தக் கைதான்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலோரம் இருந்துகொண்டு அந்தக் கையில் விரல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். மற்றக் கை விரலால் பார்த்தார். இரைச்சல் இல்லை. டொக்டர் வந்து, குழாய் அடைத்துவிட்டது, இனி அந்தக் கை சரிவராது, கழுத்தில் ரியூப் போட்டுத்தான் செய்யவேண்டும், அது கனநாளைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் விடிந்ததும் மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தவருக்கு, நாலு நட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. ஜெகதீஸ்வரி அழவில்லை, ஏசவுமில்லை.

"நான் ரெண்டு தரம் சொன்னனான்" என்றாள். அவ்வளவுதான்.

கார்த்திகன் அப்பிளும் தோடம்பழமும் கொண்டு பார்க்க வந்தான். நட்டு இறுக்கியதாகத்தான் வேலையாள் சொன்னவன் என்று கண்கலங்கினான். பெரியம்மாவும் ஊரிலிருந்து போன் எடுத்து அழுதா. சிவபாதசுந்தரத்துக்கு அவனைப் பிடித்து நாலு கேட்கவேண்டும்போல் இருந்தது, வாய் வரவில்லை. அவனோடு பேசியதெல்லாம் பாழாய்ப்போன ஊர்க்கதை, அதைக்கொண்டு எப்படிச் சண்டை பிடிப்பது? போகும்போது, தம்பி கவனமாப் போம் என்று அவனுக்கே சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து, மோதிய இடம் திருத்தி முடிந்த காரை ஸ்ரீனிவாஸிடம் கொண்டுபோனார். நடந்ததையெல்லாம் கேட்டு முடித்த ஸ்ரீனிவாஸ், அம்மாவுக்கு எப்படி என்று மட்டும் கேட்டார். இழை தேய்ந்த போல்ட்டுகளை மாற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு, வழக்கம்போல ஸ்பானரை நீட்டினார். சிவபாதசுந்தரம் குந்தியிருந்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். காரைச் சுற்றி முடித்துத் திரும்ப முதல் சக்கரத்துக்கு வந்தார். மூன்றாம் சுற்றிலும் விடவில்லை. ஸ்ரீனிவாஸ் மெல்ல அவர் கையைப் பிடித்தார்.

"போதும் ஐயா. இனி இறுக்குனா போல்ட் அறுந்துடும்."

அங்கேயே, கிறீஸ் படிந்த தரையில் இருந்தபடியே, மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஸ்ரீனிவாஸுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது.

வீட்டுக்கு வந்து, இந்தமுறை எல்லா நட்டையும் நானே இறுக்கினனான் என்று கறுத்த கையை மனைவிக்குக் காட்டினார். நல்லதப்பா என்றாள். மறுநாள் காலமை, திறப்பை எடுத்துக்கொண்டு அவர் வர, ஜெகதீஸ்வரி படியடியில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மேல்வீட்டு பஹ்மியா. வெளியே ஓட்டோ நின்றது.

"நான் ஓட்டோவில போறன். கோவியாதேங்கோ. உங்கட காரில எனக்கு இனிக் கண் மூட ஏலாது."

அவர் கோபிக்கவில்லை. ஓட்டோ வழியில் பழுதாகினால் ஆள் வேண்டுமென்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, காரை எடுத்துப் பின்னால் போனார். நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றார். திரும்பும்போதும் ஓட்டோ முன்னால், வெறும் கார் பின்னால். தம்பி, மெதுவாகப் போ என்று ஓட்டோக்காரனுக்குச் சிங்களத்தில் மூன்று தரம் சொல்லியிருந்தார். அவன் கேட்டால்தானே. குழியென்றும் மேடென்றும் பாராமல் விழுத்தி எழுப்பிக்கொண்டு பறந்தான்.

அவருடைய கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. கிருலப்பனைச் சிவப்பு விளக்கில் ஓட்டோவுக்குப் பின்னால் நெருங்கி நின்றபோது, அதன் பின்புறக் கண்ணாடியால் உள்ளே தெரிந்தது. ஜெகதீஸ்வரியின் தலை பஹ்மியாவின் தோளில் சரிந்து கிடந்தது. மயங்கிவிட்டாளோ என்று அவர் கதவுக் கைபிடியில் கை வைத்தார். விளக்கு பச்சையாகி, ஓட்டோ ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியது. தலை ஆடி, தானே திரும்ப அதே தோளில் சாய்ந்தது.

நல்ல நித்திரை.