அக்காவின் கேத்தலும் என் ஹார்ட் டிஸ்க்கும்

போன தீபாவளி லீவுக்கு வட்டவளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். கார் ரேஸ் விளையாட்டு என்றால் எனக்கு உயிர். "பொம்பளப் புள்ளைக்கு இது என்னாத்துக்கு?" என்று அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பழைய கேம் கொன்சோல் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதில் இடம் நிரம்பிவிட்டதால், வந்த அன்றே ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு கடையில் வெளியே பொருத்துகிற பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். ஏற்கெனவே யாரோ பாவித்த சாமான்தான். கொன்சோலில் செருகினால் மட்டும் போதாது, அதற்குத் தனியாகக் கரண்டும் கொடுக்க வேண்டும். கடைக்காரரே ஒரு அடாப்டரைத் தேடி எடுத்துத் தந்தார்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவுக்கு வந்து மாட்டினேன். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். உடனே டிவியில், டிஸ்க் கழன்றுவிட்டது என்று எழுத்து வந்தது. ஒயரைக் கழற்றி மாட்டினேன், பிளக்கை மாற்றினேன். அதே டிக் டிக். கடைக்குப் போன் எடுத்தேன்.

"லயமா? அப்ப கரண்டு காணாது தங்கச்சி. பக்கத்துக் காம்பராவுல கரண்டுக் கேத்தலப் போட்டா ஒங்க பக்கம் எறங்கிரும். சாமான்ல ஒன்னும் பிழையில்ல" என்றார்.

நான் நம்பினேன். எங்கள் லயத்தில் யாராவது கேத்தல் போட்டால் அடுத்த காம்பராவில் பல்பு மங்குவது உண்மைதானே. எது வேலை செய்யாவிட்டாலும் நாங்கள் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்போம். அந்தப் பக்கத்து அக்காவுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அந்தக் குளிரில் பிள்ளையைக் குளிப்பாட்ட, துணி அலச என்று அவர் கேத்தலில் ஓயாமல் தண்ணீர் கொதிக்கும். போய், "அக்கா, கேத்தலக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றேன். உடனே நிறுத்திவிட்டு விறகு அடுப்பைப் பற்ற வைத்தார். மழையில் நனைந்த விறகு. காம்பரா முழுக்கப் புகை.

டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. அக்கா எனக்குத் தெரியாமல் மறுபடி கேத்தலைப் போட்டுவிட்டார் என்று நானே முடிவுகட்டி, அவர் வாசலில் நின்று கத்தினேன். "லயத்து ஆளுங்க மத்தியில ஒரு நல்ல சாமான் வச்சுக்க முடியுதா!" அக்கா கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அது சில்லென்று இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர், பக்கத்தில் நின்ற இன்னொருவரிடம், லயத்து ஆட்களுக்கு எதற்கு இந்தச் சாமானெல்லாம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இந்தக் கடைக்காரரும் ஒரு தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்தான்! எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரா, தெரிந்தால்தான் என்ன என்று நினைத்தாரா? எனக்கு விளங்குகிறது என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

பக்கத்தில் நின்றவர் சிரிக்கவில்லை. சிங்களக்காரர், வயரிங் வேலை செய்பவராம். டிஸ்க்கையும் அடாப்டரையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். டிஸ்க்கில் பன்னிரண்டு வோல்ட், இரண்டு அம்பியர் என்று இருந்தது. அடாப்டரில் வோல்ட் சரி, அம்பியர் அரைதான். இது வைஃபை ரவுட்டருக்குப் போடுகிறது, இந்த டிஸ்க்கைச் சுற்ற வைக்க இதற்குத் தெம்பில்லை என்று எனக்கு விளக்கினார். அந்தக் கடையிலேயே சரியான ஒன்றை எடுத்து மாட்டினார். டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியது.

"மாறிப் போச்சு போல" என்றார் கடைக்காரர், கோயில் வாசலில் செருப்பு மாறியது போல.

"அடாப்டர ஒரு தடவ திருப்பிப் பாத்தீங்களா? லயம்னு சொன்னதும் ஒங்களுக்கு வேற ஒன்னும் பாக்கத் தேவையில்லாமப் போச்சு!" என்று கடை அதிரக் கத்தினேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் வழி முழுக்க அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அடாப்டரை நானும்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

நேரே அக்காவிடம் போனேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகையில் பிள்ளை இருமியது.

"அக்கா, பிழை என் சாமான்லதான். என்னைய மன்னிச்சிருங்க. கேத்தலப் போடுங்க."

"இருக்கட்டும். ஒன் லீவு முடியட்டும், அப்பறம் போட்டுக்கிறேன்" என்றார், முகத்தைத் திருப்பாமலே.

அன்றே கொன்சோலைக் கழற்றிக் கட்டி வைத்தேன். அப்படியும், நான் பஸ் ஏறும்வரை அக்காவின் கேத்தல் சுவர்த் தட்டை விட்டு இறங்கவில்லை. கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவர் டவுனில் நின்று சொன்னதை, அதற்கு முந்தின நாளே எங்கள் லயத்து வாசலில் நின்று ஒரு கைக்குழந்தைக்காரியிடம் சொன்னவள் நான் என்று நினைக்கும்போது, அந்த ஆத்திரம் பாதி என் பக்கமே திரும்பிவிடுகிறது.