சித்தூரில் கிடைத்த சில்லு, திருப்பதியில் எழுந்த மெஷின்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வெதுருகுப்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தேன். மாடி வீடு எழுப்பினேன். ஒரு காலத்தில் பெரிய ஆபீஸ்களில் பாலமும் அணையும் வரையப் பயன்பட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்கள் பதினொன்றை அந்த மாடியில் ஓட வைத்திருக்கிறேன். எல்லாம் காயலான் கடையில் எடுத்தவை. யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால்தான் திருப்பதிக் கல்லூரி என்னைத் தேடியது. அவர்களிடம் இருந்த ஒர்க்ஸ்டேஷன், நேரம் காக்கும் சில்லுக்குள் பேட்டரி செத்து, தன் அடையாள எண்ணையே மறந்து கிடந்தது. மாலை நான்கு மணிக்குக் கண்காட்சி.

காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். முதலில் சித்தூர். சில்லை அறுக்கப் போகிறவன் கையில் இன்னொன்று இருக்க வேண்டும் அல்லவா? எட்டரைக்குப் பழைய இரும்புக் கடை ரமணம்மா முன் நின்றேன்.

“இன்னாண்ணா, மறுபடியும் வந்துட்டியா? உன் வூட்டுக்காரம்மா என்னத் திட்டிக்கினு கீறாங்க.”

“அவ திட்டட்டும். அந்த பச்ச போர்டு எவ்ளோ?”

“செத்த போர்டு நைனா அது! எரநூறு குடுத்துட்டுப் போ.”

கொடுத்தேன். அதிலிருந்த சில்லிலும் பேட்டரி செத்துத்தான் இருக்கும்; தெரிந்தேதான் வாங்கினேன்.

அங்கிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்காமல் மடியில் இருந்த போர்டையே பார்த்துக்கொண்டு போனேன். பன்னிரண்டுக்குக் கல்லூரி. பொறுப்பிலிருந்தவர் வைதேகி மேடம். கோயில் கைங்கரியக் குடும்பம்.

“ஐயா, நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுவா. எழுந்துக்குமா?”

“நீங்க நாற்காலி போட்டுக்கினு குந்துங்க மேடம்.”

மேலே உள்ள கறுப்புப் பிசினை அரத்தால் ராவி, உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டு பித்தளை முனைகளைக் கண்டுபிடித்து, பழைய பேட்டரியைத் துண்டித்து, வெளியிலிருந்து புது பேட்டரிக்கு ஒயர் இழுக்க வேண்டும். வீட்டில் மூன்று செய்தவன்தான். அன்று கை அரை நூல் ஆழம் போய்விட்டது. கல்லூரியின் சில்லு போயே போச்சு. மறைக்க மாட்டேன்.

மேடம் முகம் வெளுத்தது. “ஐயா... போச்சா?”

“அதுக்குத்தான சித்தூர் போய்க்கினு வந்தேன்?”

இரண்டாவதை ராவ ஒன்றேகால் மணி நேரம். பற்றவைத்தேன். சொருகினேன். மறந்த அடையாள எண்ணைத் திரும்ப ஏற்றும் கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டினேன். மூன்று இருபதுக்குத் திரை வெள்ளையாக விரிந்தது. மேடம் கைதட்டினார், கற்பூரம் மட்டும்தான் காட்டவில்லை.

நான்கு மணிக்கு மெஷின் பக்கத்தில் வைத்த பெயர்ப் பலகையைத் திறந்தார்கள். பிரின்சிபால் பெயர், துறையின் பெயர், மாணவர்கள் ஆறு பேர். ஆறில் ஒருவரும் அந்த மெஷினின் மூடியைக்கூடக் கழற்றியதில்லை.

என் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, “எடம் இல்லையே ஐயா” என்றார் மேடம், தரையைப் பார்த்து.

இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் இடம். அளந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ‘ஓட வைத்தவர் வெதுருகுப்பம் முனிரத்தினம்’ என்று அதில் எழுத வேண்டும். தெலுங்கிலும் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள்.