நான் திருத்திய நோட்டு

போன வாரம் என் பழைய மாணவி செல்வி போன் செய்தாள். "மிஸ், நான் ஏழாவதுல எழுதின நோட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா? எங்கம்மா என்னக் கொஞ்சறப்ப ஒரு பேர் சொல்லும். இன்னா பண்ணியும் அது வாய்ல வர மாட்டேங்குது. அதத்தான் பாப்பாவுக்கு வெக்கலாம்னு. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்." அவள் அம்மா இறந்து பல வருஷமாகிறது. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, நோட்டு இருக்கிறது.

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஜமுனாமரத்தூர் விடுதிப் பள்ளியின் நூலக அறைதான் ஞாபகம் வரும். என் முதல் வேலை, அதுவும் தற்காலிகம். கீழே கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் மலை ஏறிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அலமாரி நிறையக் கடலும் ரயிலும் வருகிற கதைகள். "இதுல எங்க ஊரு ஆளுங்களே இல்லியே மிஸ்" என்றாள் செல்வி ஒருநாள். சரி, நீங்களே எழுதுங்கள் என்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். வீட்டில் பேசுகிறபடியே எழுதினார்கள். சாமை அறுப்பு, பலாப்பழத் திருட்டு, ஜீப்பில் இடம் கிடைக்காமல் நடந்தது எல்லாம் வந்தது. பழுப்பு அட்டை போட்டு, எண் ஒட்டி, மற்ற புத்தகங்களோடு அடுக்கினேன். பிள்ளைகள் அந்த வரிசைக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கீழேயிருந்து அதிகாரி வருகிறார் என்று தகவல். பயம் என்றால் அப்படியொரு பயம். நூலகப் புத்தகத்தில் 'இன்னா', 'வூடு' என்று பார்த்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பெரிய தமிழ்ப் பண்டிதை! வூடெல்லாம் வீடானது. செல்வியின் நோட்டில், அவள் அம்மா பேசுகிற இடத்தில், ஒரு சொல் எனக்குப் புரியவே இல்லை. அகராதியிலும் இல்லை. அதை மை ஊறும்வரை அடித்துவிட்டு, மேலே 'மகளே' என்று எழுதினேன்.

வந்தவர் டீ குடித்தார். கரையான் இருக்கிறதா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அலமாரியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் செல்வி தன் நோட்டைப் பிரித்தாள். "எங்கம்மா இப்டியெல்லாம் பேசாது மிஸ்" என்று என்னிடமே நீட்டிவிட்டாள். அதற்கப்புறம் அங்கே ஒரு பிள்ளையும் எழுதவில்லை.

அந்த அறையை இடித்துவிட்டார்களாம். மற்ற நோட்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. மிஞ்சிய இந்த ஒன்றில் நான் அடித்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவியும் பார்த்துவிட்டேன். 'மகளே' மட்டும்தான் பளிச்சென்று தெரிகிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை.