தொப்பி அணிந்த கடைக்காரர்

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில், என் வேலைத்தளத்துக்கு அருகே டெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவர் ஒரு கொரியா நாட்டுக்காரர். காலை ஆறு மணிக்கு நான் கோப்பி வாங்கப் போகும்போது, கைபேசியில் தன் ஊர் பேஸ்போல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார். நரைத்த தலையில் அந்த அணியின் பழைய தொப்பி இருக்கும். ஒவ்வொருவன் மட்டையோடு வரும்போதும் எழுந்து நின்று, அவனுக்கென்றே உள்ள பாட்டை மெல்லப் பாடுவார்.

தொப்பியில் இருந்தது ஊரின் பெயரல்ல, ஒரு கொம்பனியின் பெயர்.

“முதலாளிமாருக்கோ பாட்டுப் படிக்கிறியள்?” என்று ஒருநாள் எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தேன்.

“அந்தக் கொம்பனி அணியை வித்துப்போட்டுது. பேரும் மாறிப்போச்சு. பெடியள் அதே பெடியள்தான், பாட்டு அவங்களுக்கு,” என்றார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வெளியிலேயே பாட்டுக் கேட்டது. நான் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லும் வணக்கமாய் “பொன்ஜூர்” என்றார்.

மன்னிப்புக் கேட்காமலே கோப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது இரண்டு தெரு தள்ளிப் போய்க் கோப்பி வாங்குகிறேன். அந்த நேரத்தில் அவர் பாடட்டும்.