ஆண்ட்ரோமீடாவின் நடுவே நீலம்

கும்மிடிப்பூண்டி வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு அறிவியல் கூட்டம் நடக்கும். இயற்பியல் பேராசிரியராக ஓய்வுபெற்றவன் என்பதால் தலைமை எனக்கு. ஒருமுறை, இரும்பைக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்லின் தொழிலாளி ஒருவர் தானும் பேசுகிறேன் என்றார். பல வாரம் படித்துவிட்டு, ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திர மண்டலத்தின் படத்தோடு வந்தார். அதன் நடுவிலுள்ள கருந்துளையை ஒட்டி ஒரு நீலப் புள்ளி.

"உலைய விட்டு வர்றப்போ இரும்பு வெள்ளையா ஜொலிக்கும். போகப் போக செவக்கும். நெறத்த வச்சே எப்ப வந்ததுன்னு சொல்லிடுவோம். நட்சத்திரம் நீலமா இருந்தா செம சூடு. அப்டி எரியறது ரொம்ப நாள் தாங்காது. அப்போ இது புச்சா பொறந்ததுதானே சார்?"

கருந்துளையின் ஈர்ப்பு வாயு மேகத்தைக் கிழித்துவிடும், அங்கே நட்சத்திரம் பிறக்காது என்றுதான் நான் படித்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் போதும். "இரும்பு வேறு, வானம் வேறு. நீங்கள் உலையைப் பாருங்கள்" என்று அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

"தோ பார்றா, மேஸ்திரி வானத்துலயே கம்பி உருட்டறாரு!" என்றது ஒரு குரல். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன்பின் வரவில்லை.

சில காலம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த நீலம், கருந்துளையைச் சுற்றிவரும் இளம் நட்சத்திரங்களின் கூட்டமாம். அங்கே எப்படிப் பிறந்தன என்பது மட்டும் விளங்கவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என் மேலேயே.

அவரைத் தேடிப் போன என்னை மில் வாசலில் இரண்டு முறை காவலாளி திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன்.

"இன்னா சார், வெயில்ல இம்மாந்தூரம்?" என்று நாற்காலி போட்டார். பத்திரிகையை நீட்டி, நீங்கள் சொன்னது சரி என்றேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். என்கிட்ட சொல்லி இன்னா? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க. மில்லுல இன்னமும் என்னை 'நீலம்'னுதான் கூப்டுறானுங்க."

அதற்குள் கூட்டமே நின்றுபோயிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அதே மில்லின் ஒப்பந்த ஆட்கள். வேலை தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள். பத்திரிகையோடு பேருந்தில் அலைந்து, அன்று சிரித்தவர்களில் நான்கு பேரைப் பிடித்தேன். தவறு என்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவரை எதற்காக நீலம் என்று கூப்பிடுகிறார்கள் என்பதே ஒருவருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் நினைவிருந்தது.