வெள்ளக்காரி

என் ஆயுசில் நான் அடி வாங்கியது ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான். அது கெட்ட வார்த்தைகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே தரையைப் பார்க்கிற பிள்ளை நான். அப்படிப்பட்டவள் மூன்று நாள் வீட்டையே எதிர்த்து நின்றேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்த புதிது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் வீடு. சித்தப்பாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் பெண் எடுத்தார்கள். சித்தியின் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். நம் ஆட்கள்தான் என்றாலும் சித்தி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே. அதனால் அவள் பேச்சில் பத்துக்கு நாலு வார்த்தை மலையாளமாக இருக்கும். என்னை ‘மோளே’ என்று, பெற்ற மகளைப் போலக் கூப்பிடுவாள். அதுவரை எனக்கு வீட்டில் ‘ஏட்டி’ என்றுதான் பேர்.

வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, என் அத்தை. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அரிசிப் பானையிலிருந்து அப்பா போடுகிற சட்டை வரைக்கும் அவள் சொன்னதுதான். என் அம்மா அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தும்முவாள்.

அந்த வருஷம் ஆனியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. புளியோதரை கட்டிக்கொண்டு, வண்டி பூட்டிக் குற்றாலம் போனோம். பெரிய அருவியில் நல்ல கூட்டம். அத்தையும் அம்மாவும் தலை நிறையச் சீயக்காயோடு அருவிக்குள் நின்றார்கள். சித்தி பாறையில் உட்கார்ந்து என் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளை, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு விக்கினான். கண் மேலே செருகியது. சித்தி பதறிப்போய், செம்பு வைத்திருந்த வண்டிக்காரரைப் பார்த்து, “வெள்ளம், வெள்ளம்” என்று கத்தினாள்.

புனலூர்ப் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பேர். ஆனால் சாரல் காலத்தில், அருவிக்கு நேரே நின்றுகொண்டு அப்படிக் கத்தினால் என்ன ஆகும்? மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கிவிட்டது என்று அவ்வளவு சனமும் விழுந்தடித்து ஓடியது. ஒருவர் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அத்தை கண்ணைத் திறக்க முடியாமல் ஓடிவந்து, பாசியில் வழுக்கி, அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். அருவி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அந்தக் களேபரத்தில் பயந்து தம்பிக்கு விக்கல் நின்றுபோனது. அதை ஒருத்தரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே தெரு முழுக்கச் சித்திக்கு ‘வெள்ளக்காரி’ என்று பேர் வந்துவிட்டது. வெள்ளைக்காரியையும் எங்கள் பக்கம் வாயில் அப்படித்தான் சொல்வோம். அதனால் இரட்டைச் சிரிப்பு. பூக்காரிகூட வாசலில் நின்று, “வெள்ளக்காரிக்கு எத்தன மொழம் வேணுமாம்? இங்கிலீசுல கேக்காளா, தமிழ்ல கேக்காளா?” என்றாள். அத்தை சிரிக்கவில்லை. இனிமேல் அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்தி பேச்சையே நிறுத்திவிட்டாள். எந்த வார்த்தை மலைக்கு எந்தப் பக்கத்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எது கேட்டாலும் தலையாட்டுவாள். சாப்பிடும்போது தண்ணீர் கேட்கமாட்டாள். கை கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய் வாளியைச் சாய்த்துக் குடிப்பாள். ‘மோளே’யும் நின்றுபோனது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அப்பா, சித்தப்பாவோடு பிள்ளைகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை பரிமாறினாள். நான் தம்ளரை முன்னால் தள்ளி, “அத்த, வெள்ளம்” என்றேன்.

முதல் தடவை அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை சொன்னேன். அகப்பைக் காம்பு முதுகில் விழுந்தது. “தண்ணின்னு சொல்லுட்டி” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்கிற வரைக்கும் எனக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவாகிவிட்டது.

கிணற்றடியில் போய்க் குடித்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வேளையும் சோறு தொண்டையில் நிற்கும்போது தம்ளரைத் தள்ளி அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒவ்வொரு வேளையும் ஒன்று வாங்கினேன். அப்பா கெஞ்சலாகவே, “சொல்லித் தொலையேன்ட்டி, ஒன் வாயில உள்ள முத்தா உதுந்திரும்?” என்றார். தம்பி வேறு என்னைப் பார்த்து ‘வெள்ளம், வெள்ளம்’ என்று தட்டைத் தட்ட ஆரம்பித்தான். அவனை அடிக்க அத்தைக்குக் கை வரவில்லை. ஆண்பிள்ளை.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை செம்பைக் கொண்டுவந்து என் தம்ளர் வழிய ஊற்றினாள். “இந்தா, வெள்ளம். குடிச்சுத் தொல. பொட்டப் பிள்ளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாதுட்டி” என்றாள். அவள் வாயாலேயே வந்துவிட்டது. அடுக்களை வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று ஓடினேன். குரலைத் தாழ்த்தி, “அந்த வார்த்தை இனி நீ பறயண்டா, மோளே. இங்கத்தப் பேச்சு எனக்குப் படிப்பிச்சுத் தா” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இவளுக்காக முதுகு வீங்கி நிற்கிறேன், இவள் அதைச் சொல்லாதே என்று அத்தை பக்கம் சாய்கிறாளே. முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறமும் பல நாள் கேட்டாள். நான் சொல்லித் தரவே இல்லை. அவள் அத்தையிடமே படித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குள் அந்தப் பூக்காரியிடமே, “ஏட்டி, கைய நீட்டி அளட்டி. இது என்ன சுண்டெலி மொழமா?” என்று அத்தை மாதிரியே சண்டை போட்டாள். தெரு பழைய பேரை மறந்துவிட்டது. நான் மட்டும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போரில் பாதியில் ஓடிப்போனவளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

பதினேழு வயதில் என்னைத் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். போன மறுநாள், குடம் எங்கே என்று கேட்டதற்கு, “அங்கன இருக்கு” என்றேன். மாமியாரும் நாத்தனார்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னையே ‘அங்கன’ என்று கூப்பிடவும் ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நான் ‘அங்கே’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். எனக்காக வீம்பு பிடித்து அடி வாங்க அந்த வீட்டில் ஒரு பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதன் வாயை நானே பொத்தியிருப்பேன்.